யார் கையெழுத்துப் போடுவது?

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு. அச்சுக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)



அழைப்பிதழில் என் பேச்சுக்கு “முடிவெடுக்க இயலாத பெரியவர்களுக்கான பொதுப் பாதுகாவலர் சேவை” என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பைப் படித்த பிறகும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்றால், உங்களில் சிலர் வீட்டில் இந்தக் கதை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். தலைப்பை அவிழ்த்துச் சொன்னால் விஷயம் இதுதான். வயது வந்த ஒருவர் பக்கவாதத்தாலோ, விபத்தாலோ, மறதி நோயாலோ, பிறவியிலேயே வந்த அறிவுசார் குறைபாட்டாலோ தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறார். அவருக்காக யார் கையெழுத்துப் போடுவது? போடுகிறவரை யார் கணக்குக் கேட்பது?

குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி முதலில் முளைப்பது வங்கிக் கவுண்டரில். கணவர் ஐசியூவில் நினைவில்லாமல் கிடக்கிறார். அவர் பெயரில் பிக்சட் டெபாசிட் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இன்றைக்குள் பணம் கட்டச் சொல்லிவிட்டார்கள். மனைவி பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார். “நான்தாங்க நாமினி” என்கிறார். எதிரே இருப்பவர் சங்கடத்தோடு, “நாமினி எல்லாம் அவருக்குப் பிறகுதாம்மா” என்கிறார். “பிறகு” என்று அவர் எதைச் சொல்கிறார் என்று அந்த அம்மாவுக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆகும்.

வங்கிகளைக் குறை சொல்வதற்கில்லை. கையெழுத்துப் போட முடியாத நோயாளிக்கு ரிசர்வ் வங்கியே வழி சொல்லியிருக்கிறது. கைரேகை வாங்கலாம். கைவிரல் ஆகாது என்றால் கால்விரல் ரேகையும் செல்லும். இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அலுவலராக இருக்க வேண்டும். ஸ்டாம்ப் பேடும் கையுமாகக் கட்டில் ஓரத்தில் வந்து நின்ற அலுவலர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல மனசோடு வருகிறவர்கள்தான். ஆனால் இந்த வழி, உடம்பு ஒத்துழைக்காவிட்டாலும் புத்தி தெளிவாக இருக்கிறவருக்கு ஏற்பட்டது. நினைவே இல்லாதவரின் விரலைப் பிடித்து மையில் அழுத்தினால் காகிதத்தில் விழுவது அவருடைய ரேகை. சம்மதம் என்று அதைச் சொல்ல முடியாது. உயில் தகராறுகளிலும் செட்டில்மெண்ட் தகராறுகளிலும் நீதிமன்றத்துக்கு வரும் கைநாட்டுகளில் எத்தனை இப்படி ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழுந்தவை என்று கட்டிலுக்குத்தான் தெரியும்.

“பவர் எழுதி வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை உண்டா?” என்று கேட்பீர்கள். உண்டு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. அதன் 201-ஆவது பிரிவின்படி, பவர் எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவரும் அன்றோடு முடிந்தது. எந்த நாளுக்காக எழுதி வைத்தோமோ அந்த நாளில் அது செல்லாக்காசு. இது தெரியாமல் ஓடுகிற பவர் பத்திரங்கள் உண்டு. தெரிந்தும் தெரியாததுபோல் ஓடுகிறவையும் உண்டு. எல்லோரும் ஒற்றுமையாக இருக்கிறவரை ஓடும்; ஒரு மருமகன் கோபித்துக்கொண்டால் நின்றுவிடும்.

இதே நாட்டில், இனிப் பிழைக்க வழியில்லை என்ற நிலை வந்தால் எனக்குச் செயற்கை சுவாசம் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 2018-இல் உச்சநீதிமன்றம் அதை அனுமதித்தது. 2023-இல் நடைமுறையையும் எளிதாக்கி, நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும் என்றது. சாகிற விதத்தைப் பற்றி எழுதி வைக்கலாம். ஆனால் நான் நினைவிழந்து பத்து வருஷம் கிடந்தால் என் பென்ஷனிலிருந்து கரண்ட் பில்லை இன்னார் கட்டட்டும் என்று செல்லுபடியாகும்படி எழுதி வைக்க இந்தியச் சட்டத்தில் இடமில்லை. சிங்கப்பூரில் இருக்கிறது. அங்கே 2010 மார்ச் முதல், புத்தி தெளிவாக இருக்கும்போதே தனக்கு வேண்டியவரை நியமித்து, அந்தப் பத்திரத்தை அரசின் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிந்து வைக்கிறார்கள். திறன் போன பிறகுதான் அந்தப் பத்திரத்துக்கு உயிர் வரும். நம்மவர்கள் பலர் அங்கே பதிந்திருப்பார்கள். அதே குடும்பத்தின் அப்பா அம்மா தஞ்சாவூரில் இருந்தால் அவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

அரசு பாதுகாவலராக இருப்பது நமக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1804-இலேயே சென்னை மாகாணத்தில் ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ வந்துவிட்டது. ஜமீன்தார் மைனராக இருந்தாலோ, புத்தி சுவாதீனம் இல்லாதவராக இருந்தாலோ, அரசு தகுதியற்றவர் என்று கருதிய பெண்ணாக இருந்தாலோ, ஜமீனை ரெவின்யூ போர்டு எடுத்து நடத்தும். இராமநாதபுரம் அப்படித்தான் 1873 முதல் 1889 வரை இருந்தது. சிறுவனாயிருந்த அதன் வாரிசு பாஸ்கர சேதுபதிக்கு ஆங்கிலக் கல்வி கொடுத்து வளர்த்ததும் அந்த ஏற்பாடுதான். கணக்கு வழக்கு, மேனேஜர், கலெக்டரின் மேற்பார்வை, வருஷாந்திர அறிக்கை என்று எல்லாம் கச்சிதமாக இருந்தன. ஏன் அத்தனை அக்கறை? ஜமீன் நொடித்தால் பேஷ்குஷ் என்ற வரி வராது. அரசாங்கம் ஆளைப் பார்க்கவில்லை, வரி வருகிற நிலத்தைப் பார்த்தது. அதே காலத்தில் அதே ஜமீனில் புத்தி பேதலித்த ஒரு குடியானவனுக்கு எந்தக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸும் கிடையாது. இந்தப் பழைய வழக்கம் நம்மை விட்டு முழுக்கப் போய்விட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றும் பாதுகாவலர் மனுக்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு சொத்தை விற்கவேண்டி வரும்போதுதான் தாக்கலாகின்றன.

பிறகு 1912-இல் ஒரு சட்டம், 1987-இல் ஒரு சட்டம். 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், இவருக்கு மனநோய், சொத்தை நிர்வகிக்க முடியவில்லை என்று நிரூபித்துப் பாதுகாவலரையும் மேலாளரையும் நியமித்துக்கொள்ள ஓர் அத்தியாயமே இருந்தது. 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் பழையதை ரத்து செய்தது. நல்ல சட்டம். நோயாளியை உரிமைகள் உள்ள மனிதராகப் பார்க்கிறது. ஆனால் பழைய வீட்டை இடித்தவர்கள் அந்தச் சொத்து அத்தியாயத்துக்குப் பதிலாக எதையும் கட்டவில்லை. மறதி நோய் முற்றிய அப்பாவின் வீட்டு வரியைக் கட்டி, வாடகையை வாங்கி, அந்தப் பணத்தில் அவருக்கு ஆள் வைக்க வேண்டும் என்று வரும் மகளுக்கு இன்று எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் மனுப் போடுவது என்று வக்கீல்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம்.

அதனால் எல்லோரும் உயர்நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ், நாதியற்றவருக்கு அரசே தாய்தந்தை என்ற கோட்பாட்டில் ரிட் மனு. 2019 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றம் கோமா நோயாளிகள் விஷயத்தில், சட்டம் இயற்றப்படும்வரை பின்பற்ற நெறிமுறைகளை வகுத்தது. மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும். தாசில்தாருக்குக் குறையாத வருவாய் அலுவலர் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரவேண்டும். சொத்து விவரம் முழுக்கக் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாதுகாவலர் அறிக்கை கொடுக்க வேண்டும். சென்னையில் 2024 மே மாதம் ஒரு தீர்ப்பு வந்தது. கணவர் கோமாவில். செலவுக்கு அவர் பெயரில் உள்ள சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அனுமதி கேட்டார் மனைவி. சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று தனி நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்திருந்தார். இரு நீதிபதி அமர்வு அதை மாற்றி, மனைவியையே பாதுகாவலராக்கியது. ஆனால் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்பாகப் போட்டு வட்டியைத்தான் எடுக்கலாம் என்று நிபந்தனையும் போட்டது. அந்த நிபந்தனைதான் தீர்ப்பின் உயிர் என்பேன். மனைவியை நம்பிக்கொண்டே கணவனின் பங்கையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். ஆனாலும் உயர்நீதிமன்றத்துக்கு வக்கீல் வைத்து வரக்கூடிய குடும்பத்துக்கு மட்டும்தானே இந்த வழி?

வேறொரு கதவும் உண்டு. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் இந்த நான்குக்கும் மட்டும். மாவட்டந்தோறும் கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு. பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் சார்பில் ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் உறுப்பினர்கள். நீதிமன்றமோ கட்டணமோ இல்லாமல் பாதுகாவலர் சான்று வாங்கிவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது குழு கூட வேண்டும்.

அந்தக் கூட்டங்களுக்கு நான் போயிருக்கிறேன். கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் காலை ஒன்பதிலிருந்து தாய்மார்கள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரிடமும் ஜெராக்ஸ் நிறைந்த மஞ்சள் பை. பக்கத்தில் முப்பது, முப்பத்தைந்து வயதுப் பிள்ளைகள். ஒருத்தர் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பார், ஒருத்தர் அம்மாவின் தோளில் தூங்குவார். பதினெட்டு முடிந்த அன்றைக்கே அம்மா அப்பா சட்டப்படி பாதுகாவலர்கள் இல்லை என்பது பலருக்கு வங்கியில் சொல்லித்தான் தெரிந்திருக்கும். உள்ளே கூப்பிடுவார்கள். ஐந்து நிமிடம். சான்றும் அம்மா பெயரிலேயே வரும். வெளியே வந்து ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: “இது எம்பேர்ல இருக்கு, சரி. எனக்கப்புறம் இவன யாரு சார் பாப்பாங்க?”

கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டேன். ஒரு அண்ணன், வெளியூரில். “அவனுக்கும் குடும்பம் இருக்குல்ல” என்றார் அந்தம்மா, மகனுக்காகத் தானே வாதாடுகிறவர் போல.

நம் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: பின்னால் ஒரு குடும்பம் இருக்கும். இருந்தால், அது நல்ல குடும்பமாக இருக்கும். முதல் பாதி பொய்க்கும்போது என்ன ஏற்பாடு என்று தேடிப் பாருங்கள். 2017 சட்டத்தின் 14-ஆவது பிரிவில், ஒரு மூலையில், இருக்கிறது. நோயாளிக்கு ‘நியமனப் பிரதிநிதி’ வேண்டும். அவர் தானே யாரையும் நியமிக்கவில்லை என்றால் உறவினர், பராமரிப்பவர், மனநல மறுஆய்வு வாரியம் நியமிக்கும் தகுந்த ஒருவர். இவர்களில் யாருமே இல்லை என்றால், சமூக நலத்துறை இயக்குநர் அல்லது அவர் அனுப்புகிற ஒருவர். ஒரு மாநிலத்தில் ரோட்டோரம் திரிகிற நாதியற்ற மனநோயாளிகள் அத்தனை பேருக்கும் கடைசிச் சொந்தம் ஓர் இயக்குநர். மதிய உணவு, திருமண உதவித் திட்டம், மகளிர் விடுதி என்று ஆயிரம் கோப்புகளுக்கு நடுவே அவர்தான் இந்த நோயாளி எந்த மருந்துக்குச் சம்மதிப்பார் என்று யோசிக்க வேண்டும். அதுவும் சிகிச்சைக்கு மட்டும்; சொத்துக்கும் வீட்டுக்கும் இது பொருந்தாது.

இத்தனைக்கும் நம்மிடம் அரசு அதிகாரிகளுக்குப் பஞ்சமில்லை. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல் மற்றும் அஃபீஷியல் டிரஸ்டி’ என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. வாரிசு முன்வராமல் இறந்தவரின் சொத்தை எடுத்துப் பாதுகாத்து, கடனை அடைத்து, கணக்கு எழுதி, உரியவரிடம் ஒப்படைப்பது அதன் வேலை. அதாவது செத்துப்போனவருக்கு அரசில் ஓர் ஆள் உண்டு. உயிரோடு படுத்திருப்பவருக்கு இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சட்டத்தின் பார்வையில் கோயில் மூலவர் என்றென்றும் மைனர். அவர் நிலத்தைப் பார்க்க அறங்காவலர், தக்கார், செயல் அலுவலர், தணிக்கை, மேலே ஒரு துறை என்று 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விரிவான ஏற்பாடு. அத்தனைக்குப் பிறகும் சாமி நிலம் காணாமல் போகிறது என்பது வேறு விஷயம். (சிரிப்பு.)

சரி, அப்படியானால் அரசே பாதுகாவலராகட்டும் என்று முடித்துவிடலாமா? இங்கேதான் நான் நிதானிக்கச் சொல்வேன்.

2009-இல் சண்டிகரில் நடந்த வழக்கு. லேசான அறிவுசார் குறைபாடு உள்ள பத்தொன்பது, இருபது வயதுப் பெண். தாய் தந்தை இல்லை. அரசு காப்பகத்தில்தான் இருந்தாள். சட்டப்படி அரசுதான் அவளுக்கு எல்லாம். அந்தக் காப்பகத்திலேயே அவள் பலாத்காரம் செய்யப்பட்டுக் கருவுற்றாள். கருவைக் கலைக்க நிர்வாகம் அனுமதி கேட்டது. உயர்நீதிமன்றம் கொடுத்தது. அந்தப் பெண்ணோ குழந்தை வேண்டும் என்றாள். உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தியது. வயது வந்த அந்தப் பெண்ணின் சம்மதத்துக்குப் பதிலாகப் பாதுகாவலரான அரசு சம்மதம் கொடுத்துவிட முடியாது என்றது. எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். அவளைக் காக்கத் தவறியது அரசு. தவறியதன் விளைவை அழிக்க அவள் பெயரில் மனுப் போட்டதும் அரசு. காப்பகத்தை நடத்துகிற கையே பாதுகாவலர் கையெழுத்தையும் போட்டால் இப்படித்தான் ஆகும்.

குடும்பத்தைப் பற்றியும் புனிதமாகப் பேச வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான காப்பகமொன்றில் 28 பேர் சங்கிலியில் பிணைக்கப்பட்ட நிலையில் தீயில் கருகினார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டுப் போனவர்கள் பெரும்பாலும் குடும்பத்தார். பாசம் இல்லாமல் என்று சொல்ல மாட்டேன், போக்கிடம் இல்லாமல். ஆனால் மாதாமாதம் போய், சங்கிலி ஏன் என்று கேட்க வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லை.

மூன்றாவதாகத் தனியார் தொழிலாகவும் இது நடக்கிறது. அமெரிக்காவில் லாஸ் வேகஸ் இருக்கும் கிளார்க் கவுண்டியில் ஒரு தொழில்முறைப் பாதுகாவலர், முதியவர்களை அவர்களுக்கே தெரியாமல் நீதிமன்ற உத்தரவு வாங்கி வீட்டிலிருந்து கிளப்பிக் காப்பகத்தில் சேர்த்தார். அவர்கள் சொத்திலிருந்தே தனக்குக் கட்டணம் எடுத்துக்கொண்டார். 2019 ஜனவரியில் அவருக்கு 16 முதல் 40 ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை கிடைத்தது. அவர் சுவர் ஏறிக் குதிக்கவில்லை, எல்லாம் முத்திரை குத்திய உத்தரவோடுதான் செய்தார். பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் கதை உங்களுக்குத் தெரியும். மேடையில் பாடிச் சம்பாதிக்கிற பெண், தன் பணத்தைத் தொட முடியாமல் 2008 முதல் 2021 வரை தந்தையும் மற்றவர்களும் வகித்த பாதுகாப்புப் பொறுப்பின்கீழ் இருந்தார்.

இந்தக் காரணத்தால்தான் ஐநா மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, ஒருவருக்குப் பதிலாக முடிவெடுக்காதே, அவர் முடிவெடுக்கத் துணை நில் என்கிறது. 2007-இல் இந்தியா அதை ஏற்றது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவும் ‘வரையறுக்கப்பட்ட’ பாதுகாவலர் பொறுப்பைத்தான் பேசுகிறது. எந்த முடிவுக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று எல்லை போட்டு, அவரோடு கலந்து பேசி எடுப்பது. பாதுகாவலரே கூடாது என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. பேசவும் தலையசைக்கவும் முடிகிறவர் விஷயத்தில் அவர்கள் பக்கம்தான் நான். மூக்கில் குழாயோடு கண்மூடிக் கிடப்பவர் விஷயத்தில் அந்த வாதத்தை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி பில் கட்ட முடியாது.

மற்ற நாடுகளில் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில. இங்கிலாந்தில் பொதுப் பாதுகாவலர் அலுவலகம் தானே யாருக்கும் பாதுகாவலராவது அரிது. நீதிமன்றம் நியமித்தவர்களைக் கண்காணிப்பதுதான் அதன் பிரதான வேலை. அவர்களிடம் பிணைத்தொகைப் பத்திரம் வாங்குகிறது, வருஷா வருஷம் அறிக்கை கேட்கிறது, நேரில் பார்க்க ஆள் அனுப்புகிறது. ஜப்பானில் உறவு யாரும் இல்லாத முதியவருக்கு ஊரின் மேயரே குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போடலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே வேறு யாருமே இல்லாதபோதுதான் ‘பப்ளிக் அட்வகேட்’ என்ற அதிகாரி பாதுகாவலராகிறார். அவர் அலுவலகத்தோடு சேர்ந்து சம்பளமில்லாத தொண்டர்கள் காப்பகங்களுக்குள் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்க்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கதவைத் தட்டி, “அடுக்களையைக் காட்டுங்கள்” என்று சொல்லும் அதிகாரம். ஏர்வாடியில் அப்படி ஒருவர் வந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு நான் கேட்பது பெரிய துறை அல்ல. மாவட்டத்துக்கு ஓர் அலுவலர். கலெக்டரின் கீழே வேண்டாம், சமூக நலத்துறையிலும் வேண்டாம். காப்பகங்களுக்கு அனுமதியும் பணமும் கொடுக்கிற எந்தத் துறையிலும் வேண்டாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவோடு இணைத்தால் பொருந்தும். மனநோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவச சட்ட உதவி தருவது 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் கடமை. தலைவர் மாவட்ட நீதிபதி. குடும்பம் இருக்கும் இடத்தில் இந்த அலுவலர் கணக்கைப் படிக்கட்டும். குடும்பம் இல்லாத இடத்தில் மட்டும், எல்லை போட்ட உத்தரவோடு, அவரே பாதுகாவலராகட்டும்.

‘கணக்கைப் படிக்கட்டும்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 16-ஆவது பிரிவில் எல்லாம் எழுதியிருக்கிறது. பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தரவேண்டும்; நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவு தரவேண்டும். சான்று வாங்கிய எத்தனையோ பெற்றோரிடம் கேட்டிருக்கிறேன், “வருஷக் கணக்குக் கொடுத்தீங்களா?” என்று. “அது யார்கிட்ட சார் கொடுக்கணும்?” என்று திருப்பிக் கேட்டார்கள். கேட்கிற ஆள் இல்லாத கணக்கை எந்தத் தாய் எழுதுவாள்?

செலவுக்கு எங்கே போவது என்று பின்னால் ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். சொத்துள்ளவரிடம் அளவான கட்டணம் வாங்கலாம். அதை நீதிபதி நிர்ணயிக்க வேண்டும், பாதுகாவலர் நிர்ணயிக்கக் கூடாது. சொத்தில்லாதவருக்கு அரசு. இன்றைக்கும் அவருக்காக அரசு செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறது: போலீஸ் ஜீப்பில், அரசு ஆஸ்பத்திரி வார்டில், காப்பக மானியத்தில். அந்தச் செலவுகளுக்கு நடுவே அவருக்காகப் பேச ஓர் ஆள் மட்டும் இல்லை.

இன்னொரு சீட்டு: “சட்டம் வரும்போது வரட்டும், நான் இப்போது என்ன செய்யலாம்?” வீட்டுக் கணக்கை இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கும் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள், ஒருவர் படுத்தாலும் மற்றவர் பணம் எடுக்கலாம். பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கிற செட்டில்மெண்ட் பத்திரத்தில், என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை எழுத்தில் போடுங்கள். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் ஆர்டிஓவிடம் போய்ப் பத்திரத்தை ரத்து செய்ய அந்த வரி உதவும். மனநலச் சிகிச்சைக்கு நியமனப் பிரதிநிதியை இப்போதே எழுதி வையுங்கள். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அந்தத் தாளை வங்கிக்கு எடுத்துப் போகாதீர்கள். அங்கே அது செல்லாது.